இருளை அழிக்காமல் ஊரைப் படமெடுத்தல்: இராமநாதபுரம் கடற்கரைக்கான இரவு ஒளிப்பட வழிகாட்டி

சென்னையிலோ மதுரையிலோ இரவில் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவருக்கு நான்கு பக்கமும் வெளிச்சம் கிடைத்துவிடுகிறது. இராமேஸ்வரத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் நிலைமை வேறு. இங்கே இரவில் ஊர் என்பது கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கிடக்கும் மெல்லிய வெளிச்சக் கோடு. அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் இருப்பது முழுக்க இருட்டு. புதிதாக இரவுப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இருட்டைக் குறையாக எண்ணி, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டியும் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் எண்) ஏற்றியும் கணினியில் நிழல்களைத் தூக்கியும் அதை விரட்டப் பார்க்கிறார்கள். முடிவில் பகலாகவும் தெரியாத, இரவாகவும் தெரியாத ஒரு சாம்பல் நிறப் படம் கிடைக்கிறது. மண்டபத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே பல ஆண்டுகள் இரவில் அலைந்து படமெடுத்தவன் என்ற முறையில் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: கடலோர ஊரின் இரவுப் படத்தில் பாதிக்கு மேல் இருட்டாகவே இருக்கலாம், அதில் எவ்வளவை வைப்பது, எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதே படமெடுப்பவரின் வேலை. கீழே நான் எழுதும் செய்முறைகள் அனைத்தும் அந்தத் தீர்மானத்துக்குத் துணை செய்பவை.

1930களில் பாரிஸின் இரவுத் தெருக்களைப் படமெடுத்த ஒளிப்படக் கலைஞர் பிரசாய், சிகரெட் எரிந்து முடியும் நேரத்தைக் கொண்டு எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை, கணக்கிட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. மூடுபனியும் மழை ஈரமும் தெருவிளக்கின் வெளிச்சத்தை எப்படிப் பரப்புகின்றன என்பதைக் கவனித்து, அந்த வேளைகளைத் தேடிப் போனார் அவர். நம் கரையில் மூடுபனி அரிது. ஆனால் கடற்காற்றில் கலந்துவரும் ஈரமும் உப்புத் துகளும் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு மங்கலான வட்டத்தை உண்டாக்குகின்றன. அதைக் குறை என்று எண்ணித் துடைத்தெறியாமல், இந்த ஊர் இரவின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டால் படம் தானாகவே இந்த ஊரின் படமாகிவிடும்.

எந்தக் கடல், எந்த மாதம்

கேமராவைப் பற்றிப் பேசும் முன் காற்றைப் பற்றிப் பேச வேண்டும். இராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கத்து மக்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வடக்கே தண்ணீர் பொதுவாகச் சாதுவாகக் கிடப்பதும் தெற்கே அலை எறிவதும் அப்படிச் சொல்லக் காரணம். ஆனால் இது ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து காற்று வீசும்போது மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். தீவும் கரையும் காற்றைத் தடுப்பதால் பாக் விரிகுடாவின் கரையோரம் குளத்து நீர் போல் அசையாமல் நிற்கும். வாடைக்காற்று தொடங்கிய பின், அதாவது அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, கதை தலைகீழாகும். அப்போது வடக்குக் கரை கலங்கி, தெற்குக் கரை அடங்கிவிடும்.

விளக்குகள் தண்ணீரில் நீண்ட ஒளித்தூண்களாக இறங்கும் படம் வேண்டுமானால் இந்தக் கணக்கை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலை மாதங்களில் மண்டபத்தின் வடக்குக் கரை, இராமேஸ்வரம் படகுத்துறை, தேவிபட்டினம், தொண்டி ஆகிய இடங்கள் ஏற்றவை. டிசம்பர், ஜனவரியில் 1897ஆம் ஆண்டு விவேகானந்தர் வந்திறங்கிய குந்துகால், பாம்பனின் தெற்குக் கரை, கீழக்கரை ஆகியவற்றுக்குப் போகலாம். பயணத் தேதியை விடுமுறையை வைத்து முடிவுசெய்துவிட்டு, வந்த பிறகு கடல் ஆடுகிறதே என்று வருந்துகிறவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். தேதியை மாற்ற முடியாதவர்கள் கரையையாவது மாற்றிக்கொள்ளலாம். தீவில் ஒரு கடலிலிருந்து மற்றக் கடலுக்கு வண்டியில் போய்ச்சேர அதிக நேரம் ஆகாது.

அலை அடிக்கும் கரையிலும் படமெடுக்கலாம் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. முப்பது நொடி எக்ஸ்போஷரில் அலைகள் புகைபோல் கரைந்து, ஊரின் வெளிச்சம் ஒரு மேகத்தின் மேல் நிற்பதுபோல் தெரியும். பார்த்தவுடன் அழகாக இருக்கும் அந்த விளைவை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும் என்பது என் கருத்து. கடல் இருந்ததற்கான அடையாளமே இல்லாமல் கடலைப் படமெடுப்பதில் எனக்கு விருப்பம் குறைவு. ஒன்றிலிருந்து இரண்டு நொடிக்குள் எடுத்தால் அலையின் வரியும் மிஞ்சும், விளக்கின் சாயலும் மிஞ்சும்.

பொழுது சாய்ந்த பிறகு உள்ள இருபது நிமிடங்கள்

இராமேஸ்வரம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகைக்குச் சற்று வடக்கே இருப்பதால் அந்தி நேரம் குறுகியது. நவம்பர் இறுதியில் சூரியன் மாலை 5:50 மணியளவிலும், ஜூலையில் 6:40 மணியளவிலும் மறைகிறது. மறைந்த இருபது நிமிடங்கள் வரை வானம் விளக்குகளைவிடப் பிரகாசமாக இருக்கும். நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு வானம் கறுத்துவிடும். இடையில் உள்ள ஏறத்தாழ இருபது நிமிடங்களில்தான் வானத்தின் நீலமும் ஊரின் விளக்கும் ஒரே எக்ஸ்போஷருக்குள் அடங்கும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நம்பி மெதுவாக ட்ரைபாட் விரித்தால், இங்கே ஒரே ஒரு கோணத்துக்குத்தான் நேரம் கிடைக்கும். ஆகவே சூரியன் மறைவதற்கு முன்பே கோணத்தைத் தேர்ந்து, ஃபோகஸ் வைத்து, ஒரு சோதனைப் படமும் எடுத்து முடித்திருக்க வேண்டும்.

அக்கினி தீர்த்தத்தில் இதை நன்கு பயன்படுத்தலாம். கோயிலின் கிழக்குக் கோபுரம் கடலைப் பார்த்து நிற்பதால், கடல் பக்கம் முதுகைக் காட்டி மேற்கே திரும்பினால், ஒன்பது நிலைகளும் 126 அடி உயரமும் கொண்ட அந்தக் கோபுரத்தின் பின்னால் அந்தி வானம் கடைசிச் செம்மையோடு நீலமாக மாறிக்கொண்டிருக்கும். கோபுர விளக்குகள் ஏற்றப்பட்ட பிறகு, வானம் கறுப்பதற்குள், கைவசம் பத்து நிமிடங்கள் இருக்கும். சுதைச் சிற்பங்களில் உள்ள மடிப்பும் நிழலும் தெரியும் அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்துவையுங்கள். கோபுரம் வெளுத்துப்போனால் பிறகு எந்த மென்பொருளும் அதை மீட்டுத்தராது. கோயிலுக்குள் கைப்பேசிக்கும் கேமராவுக்கும் அனுமதி கிடையாது என்பதால் நம் வேலை முழுவதும் வெளியில்தான்.

விடியற்காலைப் பொழுதை நான் இன்னும் அதிகமாக விரும்புகிறேன். நான்கரை மணிக்குச் சன்னதித் தெருவில் ஈரத்துணியோடு நடந்துபோகிறவர்கள் இருப்பார்கள். ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு வரிசை நகரும். டீக்கடை பாய்லரின் ஆவி விளக்கு வெளிச்சத்தில் எழும்பும். ஊர் விளக்குகள் எரிந்துகொண்டிருக்க, கிழக்கே கடல் மேல் வெளுக்கத் தொடங்கும். நீராடுகிறவர்களையும் முன்னோருக்குச் சடங்கு செய்கிறவர்களையும் முகம் தெரியும்படி எடுக்க வேண்டாம். நீண்ட எக்ஸ்போஷரில் நடமாடுகிறவர்கள் மங்கலான நிழலாகவே பதிவார்கள். படத்துக்கு அதுவே போதும், அவர்களுக்கும் அதுவே மரியாதை.

நிலவைச் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பௌர்ணமி அன்று நிலவு ஏறக்குறைய சூரியன் மறையும் வேளையில் கடலிலிருந்து எழும். அது ஒளிர்ந்து மேலே வருவதற்குள் வானம் இருண்டுவிடுவதால், நிலவை நோக்கி எக்ஸ்போஷர் வைத்தால் ஊர் கறுக்கும், ஊரை நோக்கி வைத்தால் நிலவு வெள்ளைப் பொட்டாகும். முந்தின நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முன்னதாகவே எழுந்துவிடும் என்பதால், வானில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே நிலவு சற்று உயரத்துக்கு வந்திருக்கும். எனக்குச் சரியாக அமைந்த நிலவுப் படங்கள் எல்லாம் பௌர்ணமிக்கு முந்தின மாலையில் எடுத்தவையே.

கருவிகள்

மிகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எக்ஸ்போஷரைக் கையால் மாற்றக்கூடிய எந்தக் கேமராவும் போதும். லென்ஸ் விலையைவிட ட்ரைபாடின் கனம் முக்கியம். 24 முதல் 70 மில்லிமீட்டர் வரை ஒரு லென்ஸ், படகுகளையும் கோபுரத்தையும் நெருக்கிக் காட்ட 70 முதல் 200 வரை இன்னொன்று. ரிமோட் இல்லையென்றால் இரண்டு நொடி டைமர். ட்ரைபாடில் ஏற்றியவுடன் லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். முகப்பில் யுவி ஃபில்டர் என்னும் காப்புக் கண்ணாடி இருந்தால் எடுக்கும் நேரத்தில் மட்டும் கழற்றுங்கள். விளக்குகள் அதில் பட்டுத் திரும்பி வானத்தில் பச்சைப் பொட்டுகளாக விழும்.

மணலில் ட்ரைபாட் நிற்காது என்பதுதான் இங்கே எல்லோருக்கும் வரும் முதல் தொல்லை. அலை ஒருமுறை கால்களைத் தொட்டுப் போனாலே ஒரு பக்கம் இறங்கிவிடும். நான் பையில் மூன்று தேங்காய்ச் சிரட்டைகள் வைத்திருக்கிறேன். குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி மணலில் அழுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு காலை வைத்து, ட்ரைபாடின் நடுக்கம்பியில் கேமராப் பையைத் தொங்கவிடுவேன். பை காற்றில் ஊசலாடாமல் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். காற்று பலமாக இருக்கும்போது நடுக்கம்பியை உயர்த்தவே கூடாது.

எக்ஸ்போஷரைக் கண்டுபிடித்தல்

ஃபோகஸை முதலில் முடியுங்கள். லைவ் வியூவில், அதாவது பின்திரையில் நேரடியாகத் தெரியும் காட்சியில், தொலைவில் உள்ள ஒரு விளக்கைப் பெரிதாக்கி, கையால் வளையத்தைத் திருப்பி, அந்த விளக்கு மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் நிறுத்துங்கள். கேமராவைத் தானியங்கி ஃபோகஸிலிருந்து விலக்கி, வளையம் நகராமல் ஒரு சிறு டேப் ஒட்டிவிட்டால் அன்றைய இரவுக்கு அந்தக் கவலை தீர்ந்தது.

அடுத்து, இருட்டில் ஒவ்வொரு சோதனைப் படத்துக்கும் முப்பது நொடி காத்திருந்தால் அந்தி ஓடிவிடும் என்பதால் ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றிச் சோதியுங்கள். 6400லிருந்து 100க்கு இறங்குவது ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது). அதாவது நேரம் 64 மடங்காகும். 6400ல் கால் நொடியில் படம் சரியாக வந்தால், 100ல் பதினாறு நொடி வைக்க வேண்டும். அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை; எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) எஃப் 8ல் வைத்துத் தொடங்குங்கள். எஃப் 11க்கு மேல் மூடினால் விளக்குகள் கூர்மையான நட்சத்திரங்களாகும். அப்பர்ச்சர் தகடுகளின் எண்ணிக்கை இரட்டையானால் அத்தனை கதிர்களும், ஒற்றையானால் அதைப்போல் இரு மடங்கும் வரும். ஒரு வரிசைத் தெருவிளக்குக்கு அது அழகு. ஊர் முழுவதும் அப்படி முளைத்தால் கண் எங்கும் நிற்காது.

இப்போது அளவுக்கு வருவோம். கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கடலும் வானமும் கறுப்பாக உள்ள காட்சியில் அது சொல்வதைக் கேட்டால், இருட்டை வெளுக்க வைத்து விளக்குகளை எரித்துவிடும். எனவே மீட்டர் சொல்வதிலிருந்து ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் குறைத்துத் தொடங்குங்கள். வெளுத்த இடங்கள் மின்னிக் காட்டும் எச்சரிக்கையை இயக்கி வையுங்கள். விளக்கின் நடுப்புள்ளி மட்டும் மின்னினால் சரி, விளக்கு விழும் சுவரோ கோபுரமோ மின்னினால் இன்னும் குறையுங்கள். படத்தின் இருளும் ஒளியும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் மேடு முழுவதும் இடது ஓரத்தில் குவிந்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். இரவுப் படத்தின் ஹிஸ்டோகிராம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அக்கினி தீர்த்தக் கரையில் எனக்கு வழக்கமாக அமையும் அளவுகளைச் சொல்கிறேன். விளக்குகள் மாறினால் இவையும் மாறும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8 வைத்து, கோபுரத்துக்கு நான்கு நொடி, தெருவுக்கு எட்டு, கரையில் கிடக்கும் படகுகளுக்கு இருபது. இந்த மூன்றையும் தனித்தனியாக எடுத்துப் பின்னர் இணைப்பது வழக்கத்தில் உள்ளதுதான். நான் நெடுநாள் அப்படிச் செய்து, இப்போது எட்டு நொடிப் படம் ஒன்றையே வைத்துக்கொள்கிறேன். படகுகள் அதில் உருவக்கோடாக மட்டும் தெரிகின்றன. கரையில் நிற்கும் மனிதனின் கண்ணுக்கும் அவை அப்படித்தான் தெரிகின்றன.

படகுகள் ஆடும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாள்களில் இராமேஸ்வரம், மண்டபம், பாம்பன் துறைகளில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு அடுக்கிக் கிடக்கும்; ஊர் விளக்குக்கும் நமக்கும் நடுவே கொடிமரங்களும் கயிறுகளுமாக ஒரு காடே நிற்கும். படத்துக்கு அது பெரிய வரம். அந்த இரண்டு மாதமும் அந்தப் படகுகளை நம்பி வாழும் வீடுகளுக்குக் கையில் காசு ஓடாத காலம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு துறைக்குள் போக வேண்டும். கேட்டுவிட்டுத்தான் ட்ரைபாட் விரிக்க வேண்டும்.

முதல் ஆண்டு ஒரு வாரம் தொடர்ந்து படமெடுத்தும் எல்லாப் படகுகளும் இரண்டு இரண்டாகப் பதிந்தன. நங்கூரமிட்ட படகு அலையில்லாத இரவிலும் அசைந்துகொண்டே இருக்கும் என்பதும் பத்து நொடி எக்ஸ்போஷர் அந்த அசைவை முழுவதுமாகப் பதிந்துவிடும் என்பதும் தெரிந்திருந்தும், அதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நான்கு நாளாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஐந்தாம் நாள் கூப்பிட்டார்.

“தம்பி, நீங்க எடுக்குற நேரம் நீவாடு ஓடுது. படகு எப்படி நிக்கும்? ஏத்தம் முடிஞ்சு வத்தம் தொடங்குறதுக்கு முன்னால தண்ணி கொஞ்ச நேரம் சும்மா நிக்கும். அப்ப எடுங்க.”

“அது எப்பன்னு எனக்கு எப்படித் தெரியும்யா?”

“நங்கூரக் கயித்தப் பாருங்க. விறைப்பா இருந்தா இழுக்குதுன்னு அர்த்தம். தொய்ஞ்சு கெடந்தா நிக்குது.”

அவர் நீவாடு என்றது நீரோட்டத்தை; ஏத்தமும் வத்தமும் கடல்நீர் ஏறுவதும் இறங்குவதும். அன்றிலிருந்து நான் அலை அட்டவணையைப் பார்ப்பதோடு கயிற்றையும் பார்க்கிறேன். பாக் விரிகுடாவில் நீர்மட்டம் ஏறி இறங்கும் உயரம் குறைவு என்றாலும் நீரோட்டம் படகைத் திருப்பிவிடப் போதுமானது. கயிறு தொய்ந்து கிடக்கும் அந்தச் சில நிமிடங்களில் ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றி, அப்பர்ச்சரை எஃப் 4க்குத் திறந்து, ஒரு நொடிக்குள் எடுங்கள். அதே அளவில் எட்டு அல்லது பத்துப் படங்கள் எடுத்துவைத்தால், அவற்றில் ஒன்றிலாவது முன்வரிசைப் படகு அசையாமல் இருக்கும். அப்படியும் அமையாத இரவில் கரையில் ஏற்றிவைத்த வல்லங்களை (நாட்டுப்படகுகளை) தேடிப் போகலாம். அவை மணலில் உட்கார்ந்திருப்பதால் முப்பது நொடியும் தாங்கும்.

பாம்பன்

1914ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தைத்தான் நம் தலைமுறையினர் பாம்பன் பாலம் என்று அறிவோம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில், கப்பல் போவதற்கு வழிவிடும் 72.5 மீட்டர் நீளப் பகுதி செங்குத்தாக மேலே தூக்கப்படுகிறது. அதைத் தூக்குவதற்காக எழுந்து நிற்கும் இரு கோபுரங்கள் இரவுக் காட்சியின் வடிவத்தையே மாற்றிவிட்டன. முன்பு கடல் மட்டத்தில் தாழ்ந்து ஓடிய ஒரே கோட்டில் இப்போது இரண்டு நிமிர்ந்த கோடுகள் சேர்ந்துள்ளன. 1988ல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி சாலைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ரயில் பாலம் இணையாகக் கீழே கிடப்பது தெரியும்.

சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. கரையில் நிறுத்திவிட்டு ஓரமாக நடந்துபோங்கள். பேருந்தோ லாரியோ கடக்கும் ஒவ்வொரு முறையும் பாலம் அதிர்வது காலுக்கே தெரியும். அந்த அதிர்வு படத்திலும் விழும். ஆகவே வண்டிகளுக்கு இடையிலான வெறுமைக்குக் காத்திருந்து, நான்கு நொடிக்கு மேல் போகாத எக்ஸ்போஷர்களாக எடுப்பதே வழி. நீண்ட எக்ஸ்போஷர் வேண்டும் என்றால் பாலத்தை விட்டு இறங்கிக் கரைக்கு வந்துவிடுங்கள். இரவு ரயில் பாலத்தைக் கடக்கும்போது கரையிலிருந்து இருபது நொடி திறந்துவைத்தால் பெட்டிகளின் சன்னல் வெளிச்சம் தண்ணீருக்குச் சற்று மேலே ஒரே மஞ்சள் இழையாகப் பதியும். ரயில் நேரங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் அன்றைய நேரத்தை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தண்டவாளத்தின் மேலும் ரயில்வே எல்லைக்குள்ளும் நுழைவது குற்றம். அந்த ஆசையே வேண்டாம்.

தீவின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் 323 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரத்தின் சிவப்பு விளக்குகள் படச் சட்டத்துக்குள் வந்துவிடும். அவற்றை மறைக்க நான் இடம் மாறி இடம் மாறி அலைந்தது உண்டு. இப்போது அவற்றை ஊர் எங்கே இருக்கிறது என்று காட்டும் அடையாளமாக வைத்துக்கொள்கிறேன். கடலிலிருந்து திரும்பும் படகுக்காரர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

காவலும் அனுமதியும்

இது எல்லைக் கடல். கடலோரக் காவல் போலீசாரும் கடற்படையினரும் இரவில் சுற்றிவருவார்கள். அடையாள அட்டை எப்போதும் கையில் இருக்க வேண்டும். அந்தப் பகுதியில் உள்ள ஒரு டீக்கடையிலோ மீனவர் சங்கத்திலோ என்ன செய்கிறோம் என்று முன்பே சொல்லிவிட்டால் பாதிக் கேள்விகள் வராது. டார்ச் விளக்கைக் கடலை நோக்கி அடிக்கவே கூடாது, சந்தேகத்துக்கு இடமளிக்கும். மங்கலான சிவப்பு வெளிச்சம் தரும் தலைவிளக்கு நம் கண்ணுக்கும் நல்லது. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதால் உரிய அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிடுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்த 21 தீவுகளிலும் அனுமதியின்றிக் கால்வைக்கக் கூடாது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு மாலைக்கு மேல் பயணிகளை விடுவதில்லை. அந்த இடிபாடுகளின் மேல் நட்சத்திரங்களைப் படமெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வருவது இயல்பு. முறைப்படி அனுமதி பெறாதவர் அந்த ஆசையை விட்டுவிடுவதே சரி.

உப்பு

அறையில் ஏசி ஓடிக்கொண்டிருக்க, குளிர்ந்த கேமராவைப் பையிலிருந்து எடுத்துக் கடற்கரையில் வைத்தால், லென்ஸ் முழுவதும் நொடியில் ஆவி படிந்துவிடும். துடைக்கத் துடைக்க மீண்டும் படியும். புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே, பையை மூடியபடியே அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

உப்பு அதைவிடக் கொடியது. ஒரு நவம்பர் இரவில் வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தபோது படகுத்துறையில் இரண்டு மணி நேரம் நின்றேன். விளக்குகள் மங்கிக்கொண்டே போயின; ஈரம் என்று எண்ணி, உடுத்தியிருந்த சட்டையின் நுனியால் முகப்புக் கண்ணாடியைத் துடைத்தேன். அறைக்கு வந்து விளக்கில் சாய்த்துப் பார்த்தபோது மயிரிழை போல் ஒன்பது கீறல்கள் இருந்தன. காய்ந்த உப்பு, மணல்போல் அறுக்கும். முதலில் காற்றுப் பம்பால் ஊதி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுத்து, கடைசியில்தான் உலர்ந்த துணி. நள்ளிரவில் எவ்வளவு களைப்பாகத் திரும்பினாலும் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, பூட்டுகளைத் திறந்து உலர வையுங்கள். லென்ஸ்களைச் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைக்கவில்லை என்றால் இந்தக் காற்றில் பூஞ்சை பிடிப்பது உறுதி.

நிறமும் அச்சும்

ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததை மாற்றாமல் வைக்கும் கோப்பாக, எடுப்பது கட்டாயம். ஒரே சட்டத்துக்குள் பழைய சோடியம் விளக்கின் செம்மஞ்சளும், எல்இடி விளக்கின் வெள்ளையும், கடை டியூப்லைட்டின் பச்சைச் சாயலும் சேர்ந்திருப்பது நம் ஊர்களின் வழக்கம். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் சோடியம் விளக்கு ஏறத்தாழ 2000, எல்இடி 4000க்கும் 6500க்கும் இடையில். எல்லாவற்றையும் வெள்ளையாக்க ஒரே அளவு கிடையாது, வெள்ளையாக்கவும் தேவையில்லை. திருத்தும்போது நிற அளவை 3400 கெல்வின் அருகில் வைத்தால் வானம் நீலமாகவும் தெருக்கள் இளமஞ்சளாகவும் நிற்கும். அங்கிருந்து கண்ணை நம்பிச் சற்றே இப்படியும் அப்படியும் நகருங்கள். கணினித் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுத் திருத்துங்கள். திரை பளிச்சென்று இருந்தால் படம் போதிய வெளிச்சத்தோடு இருப்பதாகத் தோன்றும், அச்சில் கறுத்துவிடும்.

நிழல்களைத் தூக்கும் பொத்தானைத் தொடும் முன், அந்த இடத்தில் நின்றபோது அந்த நிழலுக்குள் எதையாவது பார்த்தோமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்த்திருந்தால், பார்த்த அளவுக்கு மட்டும் தூக்குங்கள்.

கண்காட்சி ஒன்றுக்காகப் பாம்பன் படத்தை முதன்முதலாகப் பெரிதாக அச்சிடக் கொடுத்தபோது, அச்சகத்தில் இருந்தவர் நல்ல எண்ணத்தோடு, படம் இருட்டாக உள்ளது என்று தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிட்டார். கடல் சிமெண்ட் நிறமாக வந்தது. இருட்டுக்குள் ஒளிந்திருந்த புள்ளிகள் எல்லாம் மேலே மிதந்தன. அவர் மேல் தவறில்லை. திருமணப் படங்களை நாள் முழுவதும் அச்சிடுகிறவருக்கு இருட்டு என்றால் பிழைதான். அதன்பின் நான் கோப்போடு ஒரு உள்ளங்கை அளவு மாதிரி அச்சையும் கொடுத்து, “இதைப் போலவே, எதையும் திருத்தாமல்” என்று எழுதியே கொடுக்கிறேன். பளபளப்பான தாளில் இருட்டு கண்ணாடியாகி, பார்ப்பவரின் முகத்தையே காட்டும். மேட் தாளில் அந்தத் தொல்லை இல்லை. மேட் தாளில் கறுப்பு சற்று இளகும் என்பதால் அச்சுக்கு அனுப்பும் கோப்பில் கான்ட்ராஸ்டைச் சிறிது கூட்டி, விளக்குகளை அப்படியே விடுங்கள். தொங்கவிடும் சுவருக்கு எதிரே சன்னல் இல்லாமலும், படத்தின் மேல் ஒரு மிதமான மஞ்சள் விளக்கு விழும்படியும் பார்த்துக்கொண்டால், இரண்டடி தூரத்தில் நிற்பவருக்கு முதலில் விளக்குகள் தெரியும். சற்று நேரம் நின்றால் படகுகளும் தெரியும்.